வாக்களிப்பு நாளும் வரிசையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் கடமைக்குப் போய் வருகிற ஆள் என்று ஊருக்குள் தெரிந்துவிட்டால் போதும், வாக்களிப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், செத்தவீட்டிலும் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் மனதில் வைத்து எழுதியது. நேரமும் வாக்குச்சீட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டா எது? கிளிநொச்சியும் அதுக்குள்ள வருமோ?

வராது. பேச்சில் வன்னி என்றால் கிளிநொச்சியையும் சேர்த்துத்தான் சொல்வோம். ஆனால் தேர்தல் கணக்கில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போகிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள். மொத்தம் 6 ஆசனங்கள்.

துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்து ஆட்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளிநொச்சிக்குப் போய்வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நீங்கள் முல்லைத்தீவு மாவட்டம், ஆகவே வன்னி. அங்கே நிற்கிற வேட்பாளருக்கு இங்கே விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்கான வாக்கு) போட முடியாது.

எத்தனை மணிக்குத் திறப்பினம், எத்தனை மணிக்குப் பூட்டுவினம்?

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் மூன்றிலும் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. 2019 ஜனாதிபதித் தேர்தலிலும் 2020 பாராளுமன்றத் தேர்தலிலும் 5 மணி வரை இருந்தது. அந்த நினைவில் நாலரைக்கு ஆடிப்பாடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் நேரத்தைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு வரிசையில் நின்றால் விடுவார்களா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அந்தக் கணக்கில் போகவே வேண்டாம். மூன்று மணிக்கு முன் வாக்களிப்பு நிலையத்துக்குள் நின்றால் எந்த வாதமும் தேவையில்லை.

வாக்காளர் அட்டை வீட்டுக்கு வரேல்ல. வோட் போடலாமோ?

போடலாம். பெயர் வாக்காளர் இடாப்பில் (பெயர்ப் பட்டியலில்) இருக்க வேண்டும், கையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம் இருக்க வேண்டும். இவை இரண்டும்தான் கட்டாயம். வாக்காளர் அட்டை உங்கள் வாக்களிப்பு நிலையம் எது, இடாப்பில் உங்கள் இலக்கம் என்ன என்று காட்டும் ஒரு துணை மட்டுமே.

ஆனாலும் அட்டை இருந்தால் உங்களுக்கும் நல்லது, பின்னால் நிற்பவருக்கும் நல்லது. இலக்கத்தைப் பார்த்ததும் அலுவலர் நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அட்டை இல்லாமல் வந்தால் பெயரைத் தேட வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருக்கும்போது அது லேசான வேலையில்லை. தபால்காரர் வந்தபோது வீட்டில் ஆளில்லாமல் போயிருந்தால், உங்கள் முகவரிக்குரிய தபால் நிலையத்தில் கேளுங்கள். அடையாளத்தைக் காட்டி எடுக்கலாம்.

ஐ.சி. துலைஞ்சு போச்சு. இன்னொண்டு, பழைய ஐ.சி.யில படம் மங்கிப் போச்சு. என்ன செய்யிறது?

தேசிய அடையாள அட்டை இல்லாவிட்டால் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, சமூக சேவைகள் திணைக்களத்தின் முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கான அடையாள அட்டை இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வேலைத்தள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எதுவும் எடுபடாது.

ஒன்றுமே இல்லாதவர்களுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை கொடுக்கிறது. படத்துடன் கிராம அலுவலர் (ஜி.எஸ்.) ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். அன்று காலையில் ஜி.எஸ். வீட்டுப் படலையில் போய் நின்று பயனில்லை. வன்னியில் இது சின்ன விசயமில்லை. இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு எடுத்த அட்டையையும் மழையில் நனையவிட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

மங்கிய அட்டை என்றால், இலக்கமும் படமும் தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ள பழைய அட்டையும் செல்லும், 2016க்குப் பின் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையும் செல்லும். முகமே தெரியாத அட்டையைக் கொண்டுபோய், நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரின் மனச்சாட்சியைச் சோதிக்காதீர்கள். முன்கூட்டியே தற்காலிக அட்டைக்குப் போடுங்கள்.

என்ர பெயர் லிஸ்டில இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கிராம அலுவலரிடமோ மாவட்டச் செயலகத்தில் உள்ள தேர்தல் அலுவலகத்திலோ கேளுங்கள். வாக்களிப்புக்கு முதல் நாள் பார்த்துப் பெயர் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு நடக்கிற காலத்தில் பார்ப்பதுதான் பார்ப்பது.

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் எங்கே வசித்தீர்களோ அங்கேதான் பதிவு. கலியாணம் கட்டி ஒட்டுசுட்டானிலிருந்து முருங்கனுக்குப் போனவர், வாடகை வீடு மாறியவர், பதினெட்டு வயதானவர் எல்லாரும் பதிவுப் படிவத்தைக் கவனிக்க வேண்டும். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, புதிதாகப் பதினெட்டு வயதானவர்களைக் குறைநிரப்பு இடாப்பில் இடையில் சேர்க்கும் வழியும் இருக்கிறது. பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்ததும் ஜி.எஸ்.ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்த நேரம் போனா லைன் குறைவு?

நான் கண்டவரை காலை ஏழு முதல் ஒன்பது வரைதான் நெரிசல். வெயிலுக்கு முன் முடித்துவிட்டு வயலுக்கோ கடைக்கோ போகிறவர்கள் எல்லாரும் அப்போது வருவார்கள். கோயிலுக்கு வெளிக்கிட்ட மாதிரி உடுத்திக்கொண்டு ஆறரைக்கே வந்து நிற்கிற முதியவர்களும் உண்டு. பத்தரைக்குப் பிறகு ஆள் குறையும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே அலுவலர்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் மாதத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் என்றால் மாரி. காலையில் வெளித்திருந்தால் உடனே வெளிக்கிடுங்கள், பின்னேரம் மழை பிடித்தால் ஒழுங்கை வழி வர முடியாது. மே, செப்டம்பர் என்றால் மதிய வெயில்தான் சிக்கல். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் விடியப்புறமும் பொழுதுபடுகிற நேரமும் தனியே வருவதைத் தவிர்க்கிறார்கள். அதனால் அந்த நிலையங்களில் எட்டரை மணிக்குத்தான் கூட்டம் சேரும்.

ஒரு ஆளுக்கு உள்ள எவ்வளவு நேரம் எடுக்கும்? சில இடத்தில லைன் நகராமலே நிக்குது, ஏன்?

உள்ளே நடப்பது இதுதான். முதல் மேசையில் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பு இலக்கத்தையும் பெயரையும் உரத்துச் சொல்வார்கள். சுவரோரம் வாங்கில் இருக்கிற கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அடிமட்டத்தை வைத்து, அந்தப் பெயரைத் தேடிக் கோடு போடுவார்கள். அடுத்த மேசையில் விரலுக்கு மை. அதற்கடுத்தது வாக்குச்சீட்டு. பிறகு மறைப்புக்குள் போய் அடையாளமிட்டு, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே. பழகிய கை என்றால் இரண்டு மூன்று நிமிடம். ஒருவர் மறைப்புக்குள் நிற்கும்போது அடுத்தவருக்கு மை பூசுவதால் வரிசை அதைவிட வேகமாகவே நகரும்.

தடைப்படுகிற இடங்கள் இரண்டு. ஒன்று முதல் மேசை: பெயர் தேடுவது, உடுப்புப் பைக்குள் அட்டையைத் தேடுவது. மற்றது மறைப்பு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு 26 அங்குல நீளம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் அதில் ஒரு சின்னத்தைக் கண்டுபிடிக்கும்வரை வெளியே இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். பாராளுமன்றத் தேர்தல் இன்னும் மெதுவாகப் போகும், விருப்பு இலக்கங்கள் இருப்பதால். வன்னியில் ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேர். 2020இல் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள். இலக்கத்தை வீட்டிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர் எல்லாருக்கும் உபகாரம் செய்கிறார்.

பள்ளிக்கூடத்தில ரெண்டு லைன் நிக்குது. எதில போய் நிக்கிறது?

பெரிய பாடசாலைகளில் ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று வாக்களிப்பு நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம், தனி இடாப்பு. வாக்காளர் அட்டையில் உள்ள நிலைய இலக்கத்தையும் வாசலில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் நின்று முதல் மேசைக்கு வந்த பிறகு “அம்மா, உங்கட பெயர் அங்கால மண்டபத்தில” என்று சொல்ல எங்களுக்கும் மனம் வராது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டு இலக்கத்தில் பதிந்திருந்தால் ஒரே நிலையம்தான். கலியாணம் கட்டிய மகளின் பெயர் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், நடக்கக் கஷ்டப்படும் முதியவர்களை முன்னுக்கு விடுவது வழக்கம். கேட்க வெட்கப்பட வேண்டாம். வாசலில் நிற்கிற பொலிஸ்காரரிடம் சொன்னாலே போதும்.

பக்கத்தில இவ்வளவு லைன் இல்லாத இடம் இருக்கேக்க, ஏன் எங்களைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லினம்?

நீங்கள் விரும்பிய நிலையத்தில் வாக்களிக்க முடியாது. உங்கள் பெயர் உள்ள இடாப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய விசயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியில் பதிவான வாக்காளர்கள் 3,06,081 பேர்: வவுனியாவில் 1,28,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889. வாக்களிப்பு நிலையங்கள் 387. ஒரு நிலையத்துக்குச் சராசரி 790 பேர். இலங்கை முழுவதும் ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளர்களுக்கு 13,000க்கு மேற்பட்ட நிலையங்கள், அதாவது ஒரு நிலையத்துக்கு 1,280 அளவில். முல்லைத்தீவில் மட்டும் பார்த்தால் 630 கிட்ட. 630 பேரில் எழுபது வீதமானோர் வந்தாலும் ஒன்பது மணித்தியாலத்தில் நிமிடத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே கொழும்பு நகரத்து நிலையத்தோடு ஒப்பிட்டால் எங்கள் வரிசை வரிசையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். அந்த 387 நிலையங்களும் ஏறத்தாழ ஆறாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்குள் பரவிக் கிடக்கின்றன, இடையில் காடும் குளமும். நிலையத்துக்குள் பத்து நிமிடம் நிற்கிற ஒருவர் அங்கே வந்து சேர ஒரு மணித்தியாலம் செலவழித்திருப்பார். வன்னியில் வாக்கு இழக்கப்படுவது பெரும்பாலும் வரிசையில் இல்லை. படலையிலும் ஒழுங்கையிலும் பஸ் தரிப்பிடத்திலும்தான். நிலையம் மிகவும் தூரம் என்றால் தேர்தலுக்கு வெகு முன்பே கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாக உதவித் தேர்தல் ஆணையாளருக்கு எழுதிக் கேளுங்கள். நிலையங்களைத் தீர்மானிக்கிறபோது அதற்கு இடம் இருக்கிறது, வாக்களிப்பு நாளில் இல்லை.

கட்சிக்காரர் வாகனம் விடுறம் எண்டினம். ஏறிப் போகலாமோ?

வேண்டாம். வேட்பாளரோ கட்சியோ வாக்காளர்களை வாகனத்தில் ஏற்றி இறக்குவது தேர்தல் சட்டப்படி குற்றம். ட்ராக்டர் பெட்டியாக இருந்தாலும் சரி, வானாக இருந்தாலும் சரி. சொந்த மோட்டார் சைக்கிளில் போவது, குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துக் காசு கொடுத்துப் போவது, பஸ்ஸில் போவது எல்லாம் உங்கள் பாடு.

அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது, கண்ணும் தெரியாது. நான் கூடப் போய்ப் போட்டுக் குடுக்கலாமோ?

பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ள வாக்காளர் தான் நம்பும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. துணை போகிறவர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ கட்சியின் முகவராகவோ இருக்கக் கூடாது. இதற்கு ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும். படிவம் கிராம அலுவலரிடம் இருக்கும், மருத்துவரின் ஒப்பமும் தேவைப்படும். வாக்களிப்புக்கு முந்திய கிழமையே எடுத்து வையுங்கள். சான்றிதழ் இல்லாமல் வந்தால், சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரே இன்னோர் அலுவலர் முன்னிலையில் அம்மம்மா சொல்கிறபடி அடையாளமிடுவார்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், கால் இழந்தவர்கள் வன்னியில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு விசேட வாகன வசதி வேண்டுமானால் மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு அனுமதி எடுக்கலாம். அது முன் கேள்வியில் சொன்ன கட்சி வாகனத்தோடு சேராது. இதை ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

நான் கொழும்பில வேலை, வோட் முல்லைத்தீவில. முதலாளி லீவு தரமாட்டன் எண்டுறார்.

தர வேண்டும். எழுத்தில் கேட்டால், சம்பளத்தை வெட்டாமல் குறைந்தது நான்கு மணித்தியாலம் விடுவிக்க வேண்டும் என்பது சட்டம். தூரத்துக்கு ஏற்ற கணக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிக்கப்படுகிறது: 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து வவுனியாவே 250 கிலோமீட்டர். உங்களுக்கு இரண்டு நாள். வவுனியாவில் கடையில் நின்றுகொண்டு முல்லைத்தீவில் வாக்கு உள்ளவருக்கு ஒரு நாள்.

வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதம் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் தேர்தல் சனிக்கிழமை, நவம்பர் தேர்தல் வியாழன், 2025 மே தேர்தல் செவ்வாய். வார நடுவில் வரும்போது ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள்தான் கூடுதலாகக் கஷ்டப்படுகிறார்கள். பஸ் இடத்தையும் அதே நாளில் பதிவு செய்துவிடுங்கள்.

கனடாவில இருந்து லீவில வந்து நிக்கிறன். பெயர் இன்னும் லிஸ்டில இருக்கு. போடலாமோ?

பெயர் இடாப்பில் இருந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணமும் இருந்தால் நிலையத்தில் உங்களுக்குச் சீட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அங்கிருந்தபடி வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை. தபால் மூல வாக்கு அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றோருக்கு மட்டும்.

நாங்கள் புத்தளத்தில இருக்கிறம், பதிவு மன்னாரில. எங்களுக்கு எப்பிடி?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலருக்கு இன்னும் இதே நிலை. சில தேர்தல்களில் புத்தளத்திலேயே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் (சொந்த ஊர் நிலையத்துக்குப் பதிலாக வேறிடத்தில் ஒன்றாக வைப்பவை) அமைக்கப்பட்டன, சிலவற்றில் மன்னாருக்கு வரவேண்டி இருந்தது. ஆகவே முந்திய தேர்தலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாக்காளர் அட்டையில் என்ன நிலையம் இருக்கிறதோ அதுதான்.

2019 நவம்பர் 16ஆம் திகதி அதிகாலை, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றி வந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. உயிரிழப்பு இல்லை. பொலிஸ் பாதுகாப்போடு அவர்கள் வந்து வாக்களித்தார்கள். அப்படியும் வந்தவர்களைப் பற்றித்தான் சிலர் “வெளியூர் வோட்” என்று இலேசாகப் பேசுகிறார்கள்.

மை எந்த விரலில? போன தேர்தல் மை இன்னும் போகேல்ல, விடுவினமோ?

வழக்கமாக இடது கைச் சின்னவிரல். 2024இல் ஜனாதிபதித் தேர்தல் மை காயும் முன்னே பாராளுமன்றத் தேர்தல் வந்ததால், நவம்பரில் இடது ஆள்காட்டி விரலில் பூசினார்கள். பழைய மை இருப்பதால் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள், எந்த விரல் என்பதை ஆணைக்குழு ஒவ்வொரு முறையும் அறிவிக்கும்.

ஃபோன் கொண்டு போகலாமோ?

உள்ளே பேசுவதும் படமெடுப்பதும் காணொளி எடுப்பதும் கூடாது. சீட்டைப் படமெடுத்து முகநூலில் போடுவது தண்டனைக்குரியது. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் வாசலில் வாக்குவாதம் மிச்சம்.

புள்ளடியோ, 1, 2, 3ஓ? ஒவ்வொரு முறையும் மாறி மாறிச் சொல்லினம்.

மாறி மாறிச் சொல்வது சரிதான், ஏனென்றால் தேர்தலுக்குத் தேர்தல் முறை வேறு. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் என்றால் 1 அல்லது புள்ளடி (X). இரண்டாம் மூன்றாம் விருப்பமும் கொடுப்பதென்றால் 1, 2, 3. புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி, அப்புறம் கீழே விருப்பு இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான்.

கூடுதலாக நடக்கிற பிழை, பாராளுமன்றச் சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போடுவது. அது முழுதாக நிராகரிக்கப்படும். கட்சிக்குச் சரியாகப் போட்டு விருப்பு வாக்கு மூன்றைத் தாண்டினால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போகும். 2024 செப்டம்பரில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 3,00,300 வாக்குகள். இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் 6,67,240. வந்தவர்கள் குறைவு, வீணானவை இரண்டு மடங்குக்கு மேல். வரிசையில் நின்று வெயில் குடித்து வந்த வாக்கு இப்படிப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

நான் போகேக்க “உங்கட வோட்டைப் போட்டாச்சு” எண்டு சொன்னா?

கோபித்துக்கொண்டு வெளியே வராதீர்கள். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டிக் கேளுங்கள். விசாரித்த பின் வேறு நிறத்தில் ஒரு வாக்குச்சீட்டுத் தருவார்கள். அதைப் பெட்டிக்குள் போடுவதில்லை, தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் வாக்களித்தார் என்பதற்கு எழுத்தில் சான்றாக இருக்கும்.

பெயரை உரத்துச் சொல்வது இதற்காகத்தான். ஊர் முகவர் உசாராக இருந்தால் “அவர் இந்த ஆளில்லை” என்று அந்த இடத்திலேயே ஆட்சேபிக்கலாம்.

வோட் போடாட்டி அஸ்வெசும வெட்டுவினமோ?

வெட்டமாட்டார்கள். வாக்களிப்பது இலங்கையில் கட்டாயமில்லை. போகாதவருக்குத் தண்டமும் இல்லை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது மட்டும் இடாப்பிலும் முகவர்களின் கோட்டிலும் தெரியும். அதை வைத்து யாராவது வெருட்டினால் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

பத்து மணிக்கு இத்தனை வீதம் எண்டு செய்தியில சொல்லினம். அதை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

நிலையங்களிலிருந்து இடையிடையே எண்ணிக்கையைக் கேட்டெடுத்து மாவட்டச் செயலகம் வெளியிடுகிறது. அதுவரை சீட்டுப் பெற்றவர்களின் தொகையைப் பதிவான வாக்காளர் தொகையால் வகுத்தது. பத்து மணி வீதத்தை வைத்து முழு நாளையும் சொல்ல முடியாது. காலையில்தான் கூட்டம் என்று முன்பே சொன்னேன், பின்னேரம் அதே வேகத்தில் ஏறாது. இறுதி வீதத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகளும் சேரும், அவர்களும் வந்து போட்டவர்கள்தானே.

ஊரில இருக்கிற எல்லாரும் போட்ட மாதிரித்தான் இருக்கு. ஆனா வீதம் எழுபதைத் தாண்டேல்ல. எப்பிடி?

இது கெட்டிக்காரக் கேள்வி. ஒரு கிராமத்தின் இடாப்பில் 1,000 பெயர் என்று வையுங்கள். அதில் 150 பேர் வெளிநாட்டிலோ கொழும்பிலோ. 680 பேர் வாக்களிக்கிறார்கள். வீதம் 68. ஆனால் அன்று ஊரில் இருந்த 850 பேரில் 680 என்றால் 80 வீதம். உங்கள் கண்ணும் சரி, செய்தியும் சரி. போனவர்களின் பெயரை எடுக்க மனமில்லாமல் குடும்பங்கள் வைத்திருப்பது வன்னியில் சாதாரணம். அதனால் எங்கள் வீதத்தைத் தெற்கு மாவட்டங்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

தேர்தலின் வகையையும் பார்க்க வேண்டும். 2024இல் நாடு முழுவதும் செப்டம்பரில் 79.46 வீதம், நவம்பரில் 68.93. இடாப்பு அதேதான், அலுப்புத்தான் கூடியது.

முந்தி வன்னியில வோட் வீதம் மிச்சம் குறைவெண்டு சொல்லினம். சனத்துக்கு அக்கறை இல்லையோ?

2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் சுமார் 34 வீதம், யாழ்ப்பாணத்தில் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். அது புறக்கணிப்பு நடந்த தேர்தல். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நிலையங்களே இல்லை. அங்கிருந்தவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் கொத்தணி நிலையங்கள் வைத்தார்கள், ஆட்கள் வரவில்லை. நாட்டு அளவில் அந்தத் தேர்தல் 1,80,786 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. 2010 ஜனவரியில் வன்னியில் 40 வீதம் அளவில். ஒரு பகுதிச் சனம் அப்போதும் செட்டிகுளம் மெனிக் இடம்பெயர்ந்தோர் முகாமில்தான் இருந்தது. வாக்களிக்க வந்தவர்களுக்கும் பஸ் போதவில்லை, பிந்தியது.

2015 ஜனவரியில் அதே வன்னி 72 வீதத்தைத் தாண்டியது. ஐந்து வருசத்துக்குள் சனத்தின் குணம் மாறவில்லை. ஊருக்குத் திரும்பியிருந்தார்கள், பெயர் பதிந்திருந்தார்கள், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அக்கறை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இவற்றைப் பார்க்கட்டும்.

வீதம் குறைஞ்சா எங்கட ஆசனம் குறையுமோ?

குறையாது. மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதில் இல்லை. மாகாணத்துக்கு நான்கு என்ற ஒதுக்கீடு போக, மிச்சம் பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. யாழ்ப்பாணம் 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. அங்கே குறைந்தது இடாப்பிலுள்ள பெயர்கள். வன்னி அந்த மூன்று தேர்தலிலும் 6இல் நின்றது.

வாக்களிப்பு வீதம் வேலை செய்வது மாவட்டத்துக்குள். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், மற்ற ஐந்தும் விகிதப்படி. செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆட்கள் வராதபோது அந்த 5 வீதம் சின்னத் தொகையாகிவிடும். நாற்பது பட்டியல் நிற்கிற இடத்தில் சில நூறு வாக்கு ஓர் ஆசனத்தை அங்கேயோ இங்கேயோ தள்ளிவிடும்.

அப்படியானால் முன் சொன்ன வெளிநாட்டுப் பெயர்களை வைத்திருப்பது ஆசனத்துக்கு நல்லதுதானே என்று சிலர் கண்ணடித்துக் கேட்பார்கள். கணக்குக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் அந்தப் பெயரில்தான் கள்ள வோட் விழும், மேலே வேறு நிறச் சீட்டுப் பற்றிச் சொன்னது அதனால்தான் தேவைப்படுகிறது. படிவம் நிரப்பும்போது பெப்ரவரி 1ஆம் திகதி வீட்டில் இருந்தவர்களின் பெயரை எழுதுங்கள். புதிதாகப் பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தால் அதைச் சேருங்கள்.